புது பிரேக் பேட் போட்டாச்சா? மறுநாளே மலை ஏறிடாதீங்க!

சனி, ஞாயிறோடு திங்கட்கிழமையும் லீவு சேர்ந்து விட்டால் போதும். சென்னையில் கார் வைத்திருப்பவர்கள் குடும்பத்தோடு ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பி விடுகிறார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம்தான் பலருக்கு வண்டி ஞாபகமே வரும்.

"அண்ணே, காலையில 4 மணிக்கு ஏற்காடு கிளம்புறோம். பிரேக்கை மட்டும் கொஞ்சம் பார்த்துக் குடுத்துடுங்க" என்று மெக்கானிக் ஷெட்டில் வண்டியை விடுவார்கள்.

ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பேட் வெறும் தகடாக தேய்ந்து கிடக்கும். "சார், பேட் தேஞ்சு போச்சு. மாத்திடலாமா?" என்பார் மெக்கானிக். "மாத்திடுங்கண்ணே, மலைக்குப் போற வண்டி" என்பார் கார்க்காரர். ஒரு மணி நேரத்தில் புது பேட் மாட்டியாச்சு. இனிமேல் பயமில்லை என்று நிம்மதியாக தூங்கப் போய் விடுவார்.

சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. புது பேட் மாட்டிய முதல் நாள் பிரேக் முழு பலத்தோடு பிடிக்காது. புது செருப்பு காலுக்குப் படிய நாலு நாள் ஆவது போல, புது பேட்டும் டிஸ்க்கோடு படிய வேண்டும். மெக்கானிக்குகள் இதைத்தான் "பேட் செட் ஆகணும்" என்று சொல்வார்கள். செட் ஆகாத பேட்டோடு மறுநாளே மலைப்பாதையில் இறங்குவது ஆபத்து.

நல்ல பேட் எது, அதை எப்படி வாங்குவது, எப்படி செட் செய்வது என்று பார்ப்போம்.

பிரேக் எப்படி பிடிக்கிறது?

காரின் முன்சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுற்றும். அதுதான் டிஸ்க். அதன் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒன்றாக இரண்டு பேட் இருக்கும். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் அழுத்தத்தில் காலிபர் என்ற இடுக்கி அந்த இரண்டு பேட்டையும் டிஸ்க்கோடு சேர்த்து நெருக்கும். உராய்வில் வண்டியின் வேகம் சூடாக மாறி காற்றில் போய் விடும். அவ்ளோதான் பிரேக்.

சின்ன கார்கள் பலவற்றில் முன்பக்கம் மட்டும்தான் டிஸ்க். பின்பக்கம் டிரம். அதில் இருப்பது பேட் இல்லை, பிரேக் ஷூ. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன்பிரேக்கின் தலையில்தான் விழுகிறது. அதனால்தான் முன்பேட் சீக்கிரம் தேய்கிறது.

எப்போது மாற்ற வேண்டும்?

புது பேட்டில் லைனிங் மட்டும் சுமார் 10 மில்லி மீட்டர் கனம் இருக்கும். அது 3 மில்லி மீட்டருக்கு வந்து விட்டால் மாற்றி விடுவது நல்லது. தகடு தெரியும் வரை காத்திருந்தால் டிஸ்க்கையும் சேர்த்து சுரண்டி விடும். அப்புறம் பேட் செலவோடு டிஸ்க் செலவும் தலையில் விழும்.

எத்தனை கிலோ மீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதற்கு ஒரே கணக்கு கிடையாது. ஹைவேயில் மட்டும் ஓடும் வண்டிக்கு நீண்ட நாள் வரும். கிண்டியிலும் கோயம்பேட்டிலும் தினமும் அடிக்கொரு பிரேக் போடும் வண்டிக்கு சீக்கிரமே தீர்ந்து விடும். எனவே ஒவ்வொரு சர்வீசிலும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்வதுதான் சரி.

பேட் தேய்ந்ததை வண்டியே சொல்லும் அறிகுறிகள்:

* ஓடும்போது 'கீச்' என்ற சத்தம். பல பேட்களில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். லைனிங் தீரும் நேரத்தில் அது டிஸ்க்கில் உரசி கத்தும்.

* 'கர கர' என்று அரைக்கும் சத்தம். இது வந்தால் தகடே உரசுகிறது என்று அர்த்தம். அந்த வண்டியை அப்படியே ஓட்டக்கூடாது.

* பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்து கொண்டே வருவது. பேட் தேயத் தேய ஆயில் மட்டம் கொஞ்சம் இறங்கும். எங்காவது ஒழுகினாலும் இறங்கும். எதுவென்று பார்க்காமல் மேலே ஊற்றிக்கொண்டே இருக்கக் கூடாது.

* பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுப்பது.

கடையில் எப்படி கேட்டு வாங்குவது?

சென்னையில் கார் உதிரிபாகம் என்றாலே அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி.ரோடுதான் நினைவுக்கு வரும். கழற்றிய பழைய பாகங்களுக்கு புதுப்பேட்டை பிரசித்தம். கதவு, கண்ணாடி, பம்பர் என்று எதை வேண்டுமானாலும் பழசாக வாங்கலாம். பிரேக் பேட்டை மட்டும் பழசாக வாங்கவே கூடாது. அது எந்த வண்டியில், எவ்வளவு சூடு பட்டு, எத்தனை ஆயில் குடித்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

வெறும் கார் பெயரை மட்டும் சொல்லி பேட் கேட்டால் மாறி வந்து விடும். ஒரே பெயருள்ள காருக்கு வருஷத்துக்கு வருஷம், பெட்ரோல்-டீசல் மாடலுக்கு ஏற்ப பேட் அளவு மாறுவது உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு போவது நல்லது. கழற்றிய பழைய பேட்டையும் கையோடு கொண்டு போய் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

ஒரு செட் என்றால் நாலு பேட். இடது சக்கரத்துக்கு 2, வலது சக்கரத்துக்கு 2. ஒரு பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது என்று அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எனவே எப்போதுமே ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

கார் கம்பெனியின் ஒரிஜினல் பேட் இருக்கிறது. அதே தரத்தில் பிரேக் கம்பெனிகள் சொந்தப் பெயரில் விற்கும் பேட்டும் இருக்கிறது. சென்னைவாசிகள் பலருக்குத் தெரியாத விஷயம், பிரேக் தயாரிப்பில் நம்ம ஊருக்கு பெரிய பெயர் உண்டு. பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகிய கம்பெனிகள் இருப்பது பாடியில்தான். அம்பத்தூரில் ராணே குழுமத்தின் பிரேக் லைனிங் ஆலை இருக்கிறது.

பேட்டில் பல வகை உண்டு. இரும்பு, தாமிரத் துகள்கள் அதிகம் கலந்த பேட் சூட்டை நன்றாக தாங்கும். ஆனால் கொஞ்சம் சத்தம் போடும். டிஸ்க்கையும் சற்று தேய்க்கும். நார்ப் பொருட்களை வைத்து செய்யும் சாதாரண பேட் சத்தம் இல்லாமல் மென்மையாக பிடிக்கும், மலையில் சீக்கிரம் சூடாகும். செராமிக் பேட் தூசு குறைவு, சத்தம் குறைவு, விலை அதிகம். ஊருக்குள் ஓட்டும் குடும்பக் காருக்கு கம்பெனி எந்த வகையை கொடுத்ததோ அதையே போடுவது போதும்.

ஆஸ்பெஸ்டாஸ் கலக்காதது என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசு புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். அதனால்தான் சக்கரத்தைக் கழற்றியதும் ஏர் பைப்பை வைத்து பிரேக் தூசியை ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். இது மெக்கானிக்கின் உடம்புக்கும் நல்லது, பக்கத்தில் நிற்பவருக்கும் நல்லது.

போலி உஷார்

பேட்டில் போலியும் உண்டு. பெட்டியைப் பார்த்தால் அசல் போலவே இருக்கும். கவனித்தால் கண்டுபிடிக்கலாம்.

அச்சு மங்கலாக இருப்பது, கம்பெனி பெயரில் ஒரு எழுத்து மாறி இருப்பது, பெட்டியில் ஒரு பார்ட் நம்பரும் பேட்டின் முதுகில் வேறு நம்பரும் இருப்பது, லைனிங் ஓரத்தில் விரிசலோ உதிர்வோ இருப்பது - இதில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்து விடுங்கள். விரல் நகத்தால் கீறினாலே தூள் உதிர்ந்தால் அதை தொடவே வேண்டாம்.

பில் கண்டிப்பாக கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் கொடுத்தால் சில நூறு ரூபாய் மிச்சமாகும். நாளைக்கு லைனிங் தகட்டை விட்டு பெயர்ந்து வந்தால் யாரிடம் போய் கேட்பது?

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்க

டீ குடிக்க போய் விடாமல் பக்கத்தில் நின்று பார்த்தால் நாலு விஷயம் தெரியும்.

முதலாவது டிஸ்க். அதில் ஆழமான கோடு, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்பது அதிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல பேட் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது, காலிபர் நகரும் ஊசிகள். இவை துருப்பிடித்து இறுகி விட்டால் ஒரு பேட் மட்டும் தேய்ந்து, இன்னொரு பேட் புதுசாகவே இருக்கும். பழைய பேட்கள் அப்படி ஏற்றத்தாழ்வாக தேய்ந்திருந்தால் ஊசிகளை சுத்தம் செய்து, பிரேக்குக்கான தனி கிரீஸ் போடச் சொல்ல வேண்டும். சாதாரண கிரீஸ் சூட்டில் உருகி விடும்.

மூன்றாவது, ஆயில் டப்பா. புது பேட் கனமாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் மாட்டுவார்கள். அப்போது ஆயில் மேலேறும். ஏற்கனவே டப்பாவை நிரப்பி வைத்திருந்தால் வழிந்து ஊற்றும். பிரேக் ஆயில் பெயிண்டை அரித்து விடும்.

நான்காவது, கை சுத்தம். லைனிங் மீது கிரீஸ், ஆயில் பட்டு விட்டால் அந்த பேட் போச்சு. துடைத்து விட்டு மாட்டுவது தப்பு.

முதல் மிதி முக்கியம்

பேட் மாட்டி முடித்ததும் வண்டியை அப்படியே எடுத்து விடக் கூடாது. பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு இருப்பதால் முதல் மிதியில் பெடல் தரை வரைக்கும் போய் விடும். பிரேக் பிடிக்கவே பிடிக்காது. ஷெட்டை விட்டு வெளியே வரும்போதே முன்னால் நிற்கும் வண்டியில் போய் மோதுவது இப்படித்தான் நடக்கிறது.

நின்ற இடத்திலேயே பெடலை மெதுவாக பல தடவை மிதிக்க வேண்டும். பெடல் கெட்டியாகி, காலுக்கு எதிர்ப்பு கொடுத்த பிறகுதான் கியர் போட வேண்டும். அதன்பிறகு ஆயில் அளவை இன்னொரு தடவை பார்த்து விட வேண்டும்.

'செட்' ஆவது என்றால் என்ன?

புது பேட்டும் ஓடிய டிஸ்க்கும் முதலில் முழுசாக ஒட்டாது. டிஸ்க்கில் மேடு பள்ளம் இருக்கும். பேட் அங்கங்கே மட்டும்தான் தொடும். தொடும் இடம் குறைவு என்றால் பிடிமானமும் குறைவு. ஓட ஓட இரண்டும் ஒன்றுக்கொன்று படியும்.

இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாதது. சரியான சூட்டில் பேட்டில் இருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கில் ஒரே சீராக படிகிறது. அந்தப் படலத்தின் மீது பேட் உரசும்போதுதான் பிரேக் அழகாக பிடிக்கும்.

மூன்றாவதுதான் மலைக்குப் போகிறவர்கள் தெரிந்து கொள்ள வேண்டியது. பேட்டில் இருக்கும் துகள்களை ஒட்ட வைக்க ஒரு வகை பிசின் சேர்க்கிறார்கள். புது பேட் முதல் தடவையாக கடும் சூடாகும்போது அந்தப் பிசினில் இருந்து ஆவி கிளம்பும். அது பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மெத்தை போல நின்று கொள்ளும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

ஊருக்குள் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக சூடாக்கி இந்த ஆவியை முன்கூட்டியே வெளியேற்றி விட்டால் பிரச்சினை இல்லை. முதல் சூடே ஏற்காடு இறக்கத்தில் என்றால்தான் பிரச்சினை. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்கத்தான் ஏ.பி.எஸ். உதவும். பிடிக்காத பேட்டை அது பிடிக்க வைக்காது.

செட் செய்வது எப்படி?

பெட்டிக்குள் கம்பெனி குறிப்பு இருந்தால் அதில் சொன்னபடி செய்ய வேண்டும். குறிப்பு இல்லாவிட்டால் பொதுவாக கடைப்பிடிக்கும் முறை இதுதான்:

* விடியற்காலை நேரத்தில், நெரிசல் இல்லாத, நேரான, காய்ந்த ரோட்டுக்கு போங்கள். பின்னால் வண்டி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

* 50, 60 கி.மீ. வேகம் போய், மிதமாக பிரேக் அழுத்தி 10 கி.மீ. வேகத்துக்கு கொண்டு வாருங்கள். முழுசாக நிறுத்த வேண்டாம்.

* பிரேக்கை விட்டு விட்டு மறுபடியும் வேகம் எடுங்கள். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் பிரேக் தொடாமல் ஓட்டினால் டிஸ்க் ஆறும்.

* இப்படி 10 தடவை செய்யுங்கள். லேசாக கருகல் வாடை வந்தால் பயப்பட வேண்டாம். புகை வந்தால் நிறுத்தி விட்டு ஆற விடுங்கள்.

* கடைசியில் 5, 10 நிமிஷம் முடிந்தவரை பிரேக் போடாமல் ஓட்டி ஆற வையுங்கள்.

அதன்பிறகும் முதல் 200, 300 கி.மீ. வரை நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தை விட அதிக இடைவெளி விட வேண்டும். ஆனால் குறுக்கே ஆள் வந்து விட்டால் பேட் செட் ஆகிறதா என்று யோசிக்கக் கூடாது. முழு பலத்தோடு மிதிக்க வேண்டியதுதான். உயிரை விட பேட் பெரிசு இல்லை.

இதையெல்லாம் செய்யாதீங்க

சூடான பிரேக்கோடு சிக்னலில் நிற்கும்போது பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் பேட் தொட்ட இடத்தில் மட்டும் படலம் தடிப்பாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டீரிங் நடுங்கும். "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு" என்று புலம்பும் பலருடைய வண்டியில் கோளாறு இதுதான்.

செட் ஆகட்டும் என்று நாள் முழுக்க பிரேக்கை லேசாக தேய்த்துக்கொண்டே ஓட்டுவதும் தப்பு. பேட் முகம் கண்ணாடி மாதிரி பளபளப்பாகி, வழுக்க ஆரம்பித்து விடும்.

சூடாக இருக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது. விரிசல் விடலாம், வளையலாம். உடனே வாட்டர் சர்வீசுக்கு விடுவதும் வேண்டாம்.

ஏற்காடு இறக்கத்தில் பிரேக் படும் பாடு

ஏற்காடு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்தில் இருந்து போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் வருவதற்குள் வண்டி சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கி விடும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். ஆயிரம் மீட்டர் இறங்கும் காரிடம் சேரும் சக்தி, அதே காரை 100 கி.மீ. வேகத்தில் இருந்து 25 தடவை நிறுத்துவதற்கு சமம். இதை முழுக்க பிரேக்கிடம் விட்டால் எந்த பேட்டும் திணறும். செட் ஆகாத புது பேட் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு ஒரே வழி என்ஜினிடம் பாதி வேலையை கொடுப்பது. எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் குறைந்த கியருக்கான நிலையில் வைக்க வேண்டும். வளைவுக்கு முன்பே அழுத்தமாக பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்து, பிறகு காலை எடுத்து விட வேண்டும். அடிவாரம் வரை பெடலில் காலை வைத்தபடியே இறங்கக் கூடாது.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில், என்ஜினை அணைத்து இறங்குவது தற்கொலைக்கு சமம். என்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கு துணை பலம் கிடைக்கும். அணைத்து விட்டால் இரண்டு, மூன்று மிதியோடு அந்த பலம் தீர்ந்து பெடல் இறுகி விடும்.

எலக்ட்ரிக் கார்க்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. மோட்டாரே வேகத்தை குறைத்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதால் பேட் குறைவாகத்தான் தேயும். ஆனால் மலை உச்சியில் 100 சதவீதம் சார்ஜ் போட்டு விட்டு இறங்கினால் பேட்டரியில் இடம் இருக்காது. அந்த வசதி குறைந்து, பாரம் முழுக்க பிரேக் மீது விழும்.

பெடல் சொல்லும் சேதி

இறங்கும்போது பெடல் கல்லு மாதிரி இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறி விட்டது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து விட்டது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நாளாக ஆக அதன் கொதிநிலை குறைந்து கொண்டே போகும். அதனால்தான் 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பேட் மாற்றும்போதே ஆயிலுக்கு எத்தனை வயசு என்றும் பார்த்து விடுவது நல்லது.

எதுவாக இருந்தாலும் உடனே கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம், மலை ஓரமாக வண்டியை நிறுத்த வேண்டும். நின்ற பிறகு சக்கரத்துக்கு கல் வைத்து விட்டு, பிரேக் நன்றாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பசிக்குது என்றாலும் பரவாயில்லை. ஆறிய பிறகு நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும். அது பழையபடி கெட்டியாக இல்லாவிட்டால் வண்டியை எடுக்கவே கூடாது. மெக்கானிக்கை வரவழைப்பதுதான் சரி.

பத்து நாள் முன்னாடியே பாருங்க

எனவே மலைக்கு போகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஓட்டலில் ரூம் போடும் அன்றைக்கே வண்டியை ஷெட்டில் விட்டு பிரேக்கை பார்த்து விடுங்கள். பேட் மாற்ற வேண்டும் என்றால் குறைந்தது 10 நாள் முன்னாடி மாற்றுங்கள். ஒருநாள் விடியற்காலையில் செட் செய்து விட்டு, மீதி நாட்களில் ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டுங்கள். 200, 300 கி.மீ. தானாக ஓடி விடும்.

முதல் நாள் சாயங்காலம்தான் பேட் தேய்ந்தது தெரிய வந்ததா? அதை மாற்றித்தான் ஆக வேண்டும். தேய்ந்த பேட்டோடு மலைக்கு போகவே கூடாது. அதற்கு பதிலாக பயணத்தை அடுத்த வாரத்துக்கு தள்ளிப் போடுங்கள், அல்லது ரெயிலில் சேலம் போய் அங்கிருந்து பஸ் பிடியுங்கள். ஏற்காடு ஏரி அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.